எம்ஆர்ஐ ஸ்கேன்: காந்தம் பெருசா இருந்தா போதுமா? மூளைப் படத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் ‘ஹெட் காயில்’ - ஒரு விளக்கம்

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்களுக்கு அடிவாரம் என்பது ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர். அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினால் மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். அதே அடிவாரத்திலிருந்து எதிர்ப்பக்கமாக, சேலம் டவுனுக்கு எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க வரும் ஒரு பெண்ணிடம் டெக்னீஷியன் முதலில் கேட்பதும் கொண்டை ஊசியைப் பற்றித்தான். “தலையில பின் ஏதாச்சும் இருக்காம்மா? கிளிப், சைடு பின்? தாலிக்கொடியில ஊக்கு கோத்திருக்கீங்களா?”

மூக்குத்தி, தோடு, மெட்டி, தாயத்து என எல்லாம் கழன்று ஒரு கவருக்குள் போகும். கொண்டையை அவிழ்த்து முடியைப் பரத்திவிட்டுப் படுக்கச் சொல்வார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் பஞ்சு மெத்தை வைத்து இறுக்கியதும், கடைசியாக முகத்துக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் கூண்டு வந்து ‘டக்’கென்று மாட்டும். கண்ணுக்கு நேராக மட்டும் திறப்பு இருக்கும். பலருக்குப் பயம் ஆரம்பிக்கும் இடம் அதுதான். தலை அசையாமல் இருக்க மாட்டுகிறார்கள் என்றுதான் பெரும்பாலானோர் நினைத்துக்கொள்கிறார்கள்.

அது தலையைப் பிடித்துவைக்கும் கிளிப் இல்லை. மூளையிலிருந்து வரும் சிக்னலைக் கேட்கும் காது. பெயர் ‘ஹெட் காயில்’. அது இல்லாவிட்டால், கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய காந்தத்தால் மூளையின் நல்ல படம் ஒன்றைக்கூடத் தர முடியாது.

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. உள்நாட்டிலேயே தயாரான 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ என்ற செய்தி கடந்த சில ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. 2023 ஆகஸ்ட்டில் பெங்களூருவின் வாக்ஸல்கிரிட்ஸ் நிறுவனத்தின் ஸ்கேனரை மத்திய அமைச்சர் ஜிதேந்திர சிங் டெல்லியில் அறிமுகப்படுத்தினார். 2025 மார்ச்சில், மத்திய மின்னணு அமைச்சகத்தின் கீழ் வரும் ‘சமீர்’ ஆய்வு நிறுவனம், தான் உருவாக்கிய ஸ்கேனரைப் பரிசோதிக்க டெல்லி எய்ம்ஸுடன் கைகோத்தது. தலைப்புச் செய்திகள் எல்லாம் எத்தனை டெஸ்லா, எத்தனை கோடி மிச்சம் என்று பேசின. காயில் பற்றிப் பேச்சே இல்லை.

சத்தம் போடுவது இது இல்லை

எம்ஆர்ஐ மெஷினுக்குள் காயில் என்ற பெயரில் குறைந்தது மூன்று வகை உண்டு. அதனால்தான் குழப்பம்.

முதலாவது, மெஷினின் பெரிய வளையத்துக்குள் இருக்கும் மீகடத்திச் சுருள். இதுதான் காந்தம். 1.5 டெஸ்லா என்றால் பூமியின் காந்தப்புலத்தைப்போல் சுமார் 30,000 மடங்கு. 3 டெஸ்லா என்றால் அதற்கும் இரு மடங்கு. (சேலத்துக்காரர்களுக்குக் காந்தம் ஒன்றும் புதுசில்லை. பக்கத்துக் கஞ்சமலையில் கிடைக்கும் இரும்புத் தாதுவே மேக்னடைட்தான், காந்தம் வைத்தால் ஒட்டும்.) இரண்டாவது, கிரேடியன்ட் காயில். காந்தப்புலத்தை இடத்துக்கு இடம் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, எந்த சிக்னல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று அடையாளம் வைப்பது இதன் வேலை. காது கிழியும் ‘டமடம’ சத்தம் போடுவதும் இதுதான். மூன்றாவது ரேடியோ அலைக்கான காயில். ஹெட் காயில் இந்த மூன்றாவது ரகம்.

இது என்ன கேட்கிறது? நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுவின் கரு, ஒரு குட்டிக் காந்தம் மாதிரி நடந்துகொள்ளும். பெரிய காந்தத்துக்குள் போனதும் இந்தக் குட்டிக் காந்தங்கள் அதன் திசையிலும் எதிர்த்திசையிலும் வரிசை கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்து லட்சத்துக்கு ஒரு சில மட்டுமே. அந்த ஒரு சிலதான் மொத்தப் படத்துக்கும் மூலதனம். ரேடியோ அலையால் தட்டினால் அவை சாயும். திரும்ப நிமிரும்போது மெல்லிய ரேடியோ சிக்னல் ஒன்று வெளியே வரும்.

1.5 டெஸ்லாவில் அந்த சிக்னலின் அலைவரிசை சுமார் 64 மெகாஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் சுமார் 128. நாம் பாட்டு கேட்கும் எஃப்எம் 88 முதல் 108 வரை. அதாவது, ஒன்று எஃப்எம்முக்குக் கொஞ்சம் கீழே, இன்னொன்று கொஞ்சம் மேலே. வெளியிலிருந்து எந்த ரேடியோ அலையும் உள்ளே புகுந்துவிடக் கூடாது என்றுதான் எம்ஆர்ஐ அறையின் சுவருக்குள் செப்புத் தகடு பதித்து, கதவையும் அதேபோல் அடைக்கிறார்கள். ஸ்கேன் அறைக் கதவு ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு, காரணத்தில் பாதி இது.

தட்டும் வேலையைப் பெரும்பாலான 1.5, 3 டெஸ்லா மெஷின்களில் சுரங்கத்தின் சுவருக்குள் இருக்கும் பெரிய காயில் செய்துவிடும். கேட்கும் வேலை மட்டும் ஹெட் காயிலுக்கு. உள்ளே இருப்பது செம்பு வளையங்களும் சரியான அலைவரிசைக்கு அவற்றைச் சுருதி சேர்க்கும் கெப்பாசிட்டர்களும், கேட்ட சிக்னலை அங்கேயே பெருக்கிக் கொடுக்கும் சின்னச் சின்ன ஆம்ப்ளிஃபையர்களும்தான். பார்க்கச் சாதாரண பிளாஸ்டிக் ஹெல்மெட். விலை பல லட்சம் ரூபாய்.

இந்த யோசனையின் வேர் ஒன்று இந்தியாவிலும் இருக்கிறது. 1951-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ஜி.சூர்யன், ஓடும் திரவத்திலிருந்து இதே வகை சிக்னலை எடுத்துக் கட்டுரை வெளியிட்டார். நோயாளி இல்லை, ஸ்கேனர் இல்லை. ஒரு குழாய், அதைச் சுற்றி ஒரு காயில், ஒரு காந்தம், அவ்வளவுதான். ரத்தக் குழாய்களில் ஓட்டத்தைப் பார்க்கும் இன்றைய எம்ஆர்ஐ முறைகளின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் அந்தக் கட்டுரையைத் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். எம்ஆர்ஐ படத்துக்கான வழியை பால் லாட்டர்பர் வெளியிட்டது அதற்கு 22 ஆண்டுகள் கழித்து, 1973-ல். இந்தியாவுக்கு முதல் எம்ஆர்ஐ மெஷின் வந்தது 1986-ல், டெல்லி இன்மாஸ் ஆய்வகத்துக்கு. வந்தது இறக்குமதியாக.

ஒரு டவரா, 32 டவரா?

அடிவாரத்தில் முழுசாகக் காட்டும் செல்போன் சிக்னல், மலை ஏற ஏற ஒவ்வொரு வளைவிலும் கூடிக் குறையும். தூரத்தில் ஒரே ஒரு பெரிய டவர் இருந்தால் இந்தக் கதிதான். பக்கத்தில் பக்கத்தில் சின்ன டவர்கள் இருந்தால் பிரச்னை இல்லை. ஹெட் காயிலின் வரலாறும் ஏறக்குறைய இதுதான்.

ஆரம்பகாலத்தில் தலையைச் சுற்றி ஒரே ஒரு பெரிய காயில். 1985-ல் ஜிஇ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ‘பறவைக் கூண்டு’ என்று பெயர் பெற்ற வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். மேலும் கீழும் இரண்டு வளையம், நடுவே கம்பிகள், அசல் கிளிக்கூண்டு மாதிரி. தலை முழுக்கச் சீராகக் கேட்கும். பல ஆண்டுகள் அதுதான் ராஜா.

திருப்பம் வந்தது 1990-ல். அதே நிறுவனத்தின் ரோமர் குழு ஒரு எளிய கேள்வியை எடுத்துக்கொண்டது. சின்ன வளையத்துக்குப் பக்கத்தில் இருப்பது ரொம்பத் தெளிவாகக் கேட்கும், தூரத்து இரைச்சல் கேட்காது. பெரிய வளையத்துக்கு ஆழத்தில் இருப்பதும் கேட்கும், ஆனால் மொத்த உடம்பின் இரைச்சலும் சேர்ந்தே வரும். அப்படியானால் நிறைய சின்ன வளையங்களை வைத்து, ஒவ்வொன்றும் கேட்டதைத் தனித்தனியாகப் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் சேர்த்தால் என்ன? சிக்கல் ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்து வளையங்கள் ஒன்றோடொன்று ‘பேச’ ஆரம்பித்துவிடும். வளையங்களைச் சரியான அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவைத்தால் அந்தப் பேச்சு அடங்கும் என்று அந்தக் குழு காட்டியது.

அதற்குப் பிறகு எண்ணிக்கைப் போட்டிதான். 8, 12, 32... 2006-ல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த குழு 32 வளையங்களை ஃபுட்பால் தையல் மாதிரி ஐங்கோணம், அறுகோணமாக அடுக்கி ஒரு ஹெல்மெட் செய்தது. 2009-ல் அதே குழு 96 வரை போனது. இன்று உலகின் பெரிய மூளை ஆய்வுகளில் 32 சேனல் என்பது கிட்டத்தட்ட வழக்கமான அளவு.

இதில் நோயாளிக்கு என்ன லாபம்? ஒரு கணக்கு போதும். எம்ஆர்ஐயில் படத்தின் தெளிவை, அதாவது இரைச்சலுக்கு மேல் சிக்னல் நிற்கும் அளவை, இரண்டு மடங்காக்க வேண்டுமென்றால் ஸ்கேன் நேரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். 5 நிமிட ஸ்கேன் 20 நிமிடமாகும். 20 நிமிடம் யாரும் ஆடாமல் படுத்திருக்க முடியாது. குழந்தை, வயதானவர், நடுக்கம் உள்ளவர் என்றால் கேட்கவே வேண்டாம். அதே தெளிவை நல்ல காயில் நேரத்தைக் கூட்டாமலே தந்துவிடும்.

இன்னொரு வரமும் உண்டு. ஒவ்வொரு வளையமும் தலையின் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், ஒரே நேரத்தில் எட்டு அடுக்குகளின் சிக்னல் கலந்து வந்தாலும், எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துவிட முடியும். கல்யாண மண்டபத்தில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும், நாலு மூலையிலும் மைக் வைத்திருந்தால் யார் என்ன பேசினார்கள் என்று பிரித்தெடுக்கலாம் இல்லையா, அது மாதிரி. அமெரிக்காவின் ‘ஹ்யூமன் கனெக்டோம்’ திட்டம் சுமார் 1,200 இளைஞர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது, முழு மூளையையும் 0.72 விநாடிக்கு ஒரு தடவை படம் பிடித்தது இப்படித்தான். மூளை ‘வேலை செய்யும்போது’ ரத்தத்தின் ஆக்ஸிஜன் மாறுவதால் ஏற்படும் சிக்னல் மாற்றம் சில சதவீதம் மட்டுமே. இரைச்சல் கூடினால் அந்த மாற்றம் காணாமலே போய்விடும்.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. வளையங்கள் மண்டை ஓட்டை ஒட்டி இருப்பதால் மூளையின் மேற்புறம் பளிச்சென்று வரும். நடு மூளைக்கு அந்த அளவு லாபம் இல்லை. எட்டு அடுக்குகளை ஒரே நேரத்தில் பிரிக்கும்போது கூடும் இரைச்சலும் நடுப்பகுதியைத்தான் அதிகம் பாதிக்கும். பயம், ஆசை, பழக்க அடிமைத்தனம் பற்றிய ஆய்வுகள் தேடிப் போகும் பகுதிகள் பல இருப்பது அந்த ஆழத்தில். ‘மூளையில் ஆசையின் இடம் கண்டுபிடிப்பு’ மாதிரி தலைப்புகளைப் பார்க்கும்போது, எந்தக் காயிலில், எத்தனை வேகத்தில் எடுத்த படம் என்ற கேள்வி அந்தச் செய்திக்கு அடியில் இருக்கிறது. செய்தியில் அது வராது.

பல ஆண்டு நடக்கும் ஆய்வென்றால் இன்னொரு தலைவலி. நடுவில் காயில் பழுதாகி வேறு மாடல் வாங்கினால், முன்பு எடுத்த படத்தோடு புதுப் படத்தை அப்படியே ஒப்பிட முடியாது. மூளை சுருங்கியதா, காயில் மாறியதா என்று தெரியாமல் போகும். 32 வளையத்தில் ஒன்று மட்டும் செத்துப்போனால் படத்தில் ஒரு மூலை லேசாக இருண்டிருக்கும், கண்ணுக்கே தெரியாமலும் போகலாம். அதனால்தான் ஒழுங்கான ஆய்வுக்கூடங்களில் மனிதர் படுப்பதற்கு முன்பு, ‘ஃபேண்டம்’ எனப்படும் திரவம் நிரப்பிய உருண்டையைக் காயிலுக்குள் வைத்து அவ்வப்போது சோதிக்கிறார்கள். உருண்டை ஆடாது, வயதாகாது, பொய் சொல்லாது.

யாருடைய தலைக்கு அளவெடுத்தது?

மேலே சொன்னதிலிருந்தே அடுத்த பிரச்னை பிறக்கிறது. காது, வாய்க்குப் பக்கத்தில் இருந்தால்தான் முணுமுணுப்பு கேட்கும். ஹெல்மெட் பெரிதாகவும் தலை சின்னதாகவும் இருந்தால் இடைவெளி விழும். சிக்னல் குறையும். நடுவில் பஞ்சை அடைத்தால் தலை ஆடாது. ஆனால் பஞ்சு சிக்னல் தராது.

இது வெறும் ஊகம் இல்லை. குழந்தைகளுக்குப் பெரியவர்களின் காயிலையே போட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2011-ல் போரிஸ் கைல் குழு பிறந்த குழந்தையில் ஆரம்பித்து 7 வயது வரை ஐந்து அளவுகளில் 32 சேனல் காயில்களைச் செய்து காட்டியது. தலைக்குப் பொருந்திய காயிலில் தெளிவு கணிசமாகக் கூடியது. செருப்புக்கு அளவு பார்க்கிற நாம், காயிலுக்கு ‘ஒரே அளவு எல்லோருக்கும்’ என்று இருந்திருக்கிறோம்.

இந்தியத் தலைகளுக்கு இது பொருந்துமா? 2019-ல் ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் 50 ஆண்கள், 50 பெண்களின் எம்ஆர்ஐ படங்களைக் கொண்டு ‘இந்திய மூளை அட்லஸ்’ ஒன்றை வெளியிட்டார்கள். மேற்கத்திய, சீன, கொரிய அட்லஸ்களோடு ஒப்பிட்டபோது இந்திய மூளையின் சராசரி உயரம், அகலம், கொள்ளளவு குறைவாக இருந்தது. (இதையும் அறிவையும் முடிச்சுப் போட வேண்டாம். மூளையின் சைஸை வைத்து ஒருவரின் அறிவை அளக்க முடியாது.) உலகமே ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தும் மான்ட்ரியல் அட்லஸ், சராசரி மனித மூளையைவிடக் கொஞ்சம் பெரிதாக அமைந்துவிட்ட ஒன்று என்பதும் இத்துறையினருக்குத் தெரிந்த விஷயம். அந்த ஒரு சட்டகத்துக்குள் எல்லா மூளையையும் இழுத்து, சுருக்கி அடைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள்.

அளவு மட்டும் இல்லை, முடியும் பிரச்னைதான். அமெரிக்காவில் பின்னல், செயற்கை முடி வைத்திருக்கும் கறுப்பினத்தவர்கள் மூளை ஆய்வுகளிலிருந்து நாசூக்காக ஒதுக்கப்படுகிறார்கள் என்ற விவாதம் வெளிப்படையாக நடக்கிறது. நம்மூரில் அதே கதை வேறு வடிவத்தில். அடர்த்தியான ஜடையோ கொண்டையோ பின்னந்தலையில் இருந்தால் தலை முன்பக்கம் தள்ளப்படும், பின் மூளை வளையத்திலிருந்து விலகும். பார்வைக்கான மூளைப் பகுதி இருப்பது சரியாக அங்கேதான். ஒரு சின்ன ஸ்டீல் பின் மாட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் படத்தில் கறுப்பு ஓட்டை விழும். தங்கத் தாலி காந்தத்துக்கு இழுபடாது, அதில் கோத்த ஊக்கு இழுபடும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று ஒரு பெண் மறுத்தால், மஞ்சள் கயிற்றில் மாற்றிக் கட்டிக்கொள்ள நேரம் கொடுப்பதா, ‘ஒத்துழைக்கவில்லை’ என்று பட்டியலிலிருந்து நீக்குவதா? ஆய்வில் யார் இருக்கிறார்கள் என்பது இப்படி வாசலிலேயே முடிவாகிவிடுகிறது.

பிரிட்டனின் யுகே பயோபேங்க் 1 லட்சம் பேரை ஸ்கேன் செய்யும் வேலையை 2025 ஜூலையில் முடித்தது. உலகின் மிகப் பெரிய தொகுப்பு. அதில் இருப்பவர்களில் மிகப் பெரும்பான்மை வெள்ளையினர். சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினரையோ, அடிவாரத்திலிருந்து சேலத்துக்குத் தினமும் வேலைக்கு வருகிறவரையோ மனதில் வைத்து உருவான தொகுப்பு இல்லை அது. ஆனால் அதை வைத்துப் பழகும் ஏஐ மென்பொருள்கள், ‘இந்த வயதுக்கு இந்த மூளை சுருக்கம் அதிகம்’ என்று நாளை இங்கே ரிப்போர்ட் கொடுக்கும்.

சென்னைக் கிராமங்களில் நடந்தது

தமிழ்நாட்டுக் கிராமத்து மூளைகள் உலக ஆராய்ச்சியில் இடம்பெற்றதே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னையின் ஸ்கார்ஃப் மனநல ஆய்வு நிறுவனமும் ஸ்காட்லாந்து மனநல மருத்துவர் ராபின் மெக்ரீடியும் சேர்ந்து செய்த எம்ஆர்ஐ ஆய்வு, 2002-ல் அமெரிக்காவின் முன்னணி மனநல இதழில் வந்தது. சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில், மனச்சிதைவு நோய் இருந்தும் ஒரு மாத்திரைகூட எடுத்திராதவர்கள் அதில் இடம்பெற்றார்கள்.

ஏன் அவர்கள்? மனச்சிதைவு நோயாளிகளுக்கு வாய், நாக்கு தானாக அசையும் கோளாறு வருவதுண்டு. அது மருந்தால் வருகிறதா, நோயாலேயே வருகிறதா என்பது பெரிய சண்டை. மேலை நாடுகளில் மருந்தே தொடாத நோயாளி கிடைப்பது அரிது. இங்கே கிடைத்தார்கள். மருந்து எடுக்காதவர்களிடமும் அந்த அசைவு இருந்தது. அப்படிப்பட்டவர்களின் மூளை அமைப்பு மற்றவர்களிடமிருந்து வேறுபடுகிறதா என்று இந்த ஆய்வு பார்த்தது.

அறிவியலாக அது முக்கியமான வேலை. கூடவே ஒரு நெருடல். அந்த மூளைகள் ஆராய்ச்சிக்கு அரிதாக இருந்ததற்குக் காரணம், அந்த மனிதர்களுக்கு அத்தனை ஆண்டுகளாக மருத்துவம் போய்ச் சேரவில்லை என்பது. கிராமத்தை ஆய்வுக்குள் கொண்டுவருவதும், கிராமத்துக்குச் சிகிச்சையைக் கொண்டுபோவதும் வேறு வேறு வேலைகள்.

இன்று இதற்கு வேறு மாதிரி முயற்சியும் நடக்கிறது. பெங்களூரு மூளை ஆராய்ச்சி மையம் கர்நாடகத்தின் கோலார் மாவட்டம் சீனிவாசபுரா தாலுகாவில், 45 வயதைத் தாண்டிய கிராமத்தினர் 10,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் இலக்கோடு ஓர் ஆய்வை நடத்துகிறது. டிமென்ஷியா ஏன், யாருக்கு வருகிறது என்பதே அதன் கேள்வி. அந்த மாதிரி ஆய்வுக்கு ஒரே காயில், ஒரே செட்டிங், ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை மேலே பார்த்தோம்.

உள்நாட்டு மெஷின் வந்தால்?

வாக்ஸல்கிரிட்ஸ் ஸ்கேனர் தேசிய பயோஃபார்மா மிஷனின் நிதியுதவியில் வளர்ந்தது. தமிழ்நாட்டின் ஜோஹோ நிறுவனமும் அதில் முதலீடு செய்திருக்கிறது. திரவ ஹீலியத்தை நம்பியிருக்கத் தேவையில்லை என்பது அதன் பெரிய பெருமை. ஹீலியத்தையும் இறக்குமதி செய்யும் நாட்டுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ‘சமீர்’ திட்டத்தில் சி-டாக் உள்ளிட்ட அரசு நிறுவனங்கள் கூட்டாக வேலை செய்கின்றன.

காந்தத்தைச் செய்வது கஷ்டம். சந்தேகமே இல்லை. ஆனால் காந்தம் ஒரு தடவை நிறுவினால் பல ஆண்டுகள் அப்படியே நிற்கும். காயில் அப்படி இல்லை. தினமும் பல தடவை கழற்றி மாட்டப்படும், கேபிள் மடங்கும், பிளக் தேயும், கீழே விழும். எம்ஆர்ஐயில் அடிபடும் பாகம் அதுதான். ஒரு நிறுவனத்தின் காயில் இன்னொரு நிறுவனத்தின் மெஷினில் வேலை செய்யாது என்பதால், பழுதானால் அதே கம்பெனியிடம் போய் நிற்க வேண்டும். சின்ன ஊர் ஸ்கேன் சென்டருக்கு இது பெரிய செலவு. ஒரு வளையம் செத்த பிறகும் ‘ஓடுற வரைக்கும் ஓடட்டும்’ என்று ஓட்டத் தோன்றும் இடம் இதுதான்.

காயில் விஷயத்தில் ஒரு சாதகமும் இருக்கிறது. அதைச் செய்ய மீகடத்தி வேண்டாம், ஹீலியம் வேண்டாம். ரேடியோ எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள், நல்ல அளவைக் கருவிகள், 3டி பிரிண்டர், பொறுமை. இன்று ஆய்வுக்கூடங்களில் காயில் ஹெல்மெட்டுகளை 3டி பிரிண்டரில் அச்சடித்துக்கொள்கிறார்கள். இந்தியத் தலை அளவுகளை எடுத்து, கொண்டை போட்ட தலைக்கும் இடம்விட்டு ஒரு ஹெல்மெட் வடிவமைப்பது கோயம்புத்தூர், சென்னை இன்ஜினீயரிங் கல்லூரி ஒன்றில் நடக்கக்கூடாத காரியம் இல்லை. பாதுகாப்புச் சோதனைதான் நீளமானது. ரேடியோ சக்தி ஓரிடத்தில் குவிந்தால் தோல் சுடும். கேபிள் உடம்பில் படாமல் டெக்னீஷியன் துணி வைத்து மறைப்பது அதற்காகத்தான். எனவே மாணவர் புராஜெக்ட் நேராக நோயாளி தலைக்கு வர முடியாது, வரவும் கூடாது.

ஸ்கேன் அடிவாரத்துக்கு வருமா?

மலையில் பைக் விபத்தில் தலையில் அடிபட்டவருக்கு எம்ஆர்ஐ அவசியமா என்று கேட்டால், பெரும்பாலும் முதலில் எடுப்பது சிடி ஸ்கேன்தான். அது வேகம், ரத்தக் கசிவு உடனே தெரியும். எம்ஆர்ஐ தேவைப்படுவது வலிப்பு, கட்டி, ஆரம்பநிலை பக்கவாதம், ஞாபக மறதி மாதிரியான இடங்களில். ஏற்காட்டு மலைக் கிராமத்திலிருந்து அதற்கு இறங்கி வர ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும்.

இதற்கு ஒரு வழி, சக்கரம் வைத்த எம்ஆர்ஐ. அமெரிக்காவின் ஹைப்பர்ஃபைன் நிறுவனத்தின் மெஷினுக்கு 2020-ல் அங்கே அனுமதி கிடைத்தது. காந்தம் வெறும் 0.064 டெஸ்லா. சாதாரண பிளக் பாயின்ட்டில் ஓடும், தனி அறை வேண்டாம். ஆப்பிரிக்காவில் குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஆராய இதைப் பயன்படுத்துகிறார்கள். காந்தம் இவ்வளவு சின்னது என்றால் சிக்னல் எவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே காயில்தான் எல்லாமே. சுற்றியிருக்கும் மின்சார இரைச்சலைத் தனியாகக் கேட்டு, மென்பொருளால் கழித்தும் எடுக்கிறார்கள். படம் 3 டெஸ்லா அளவுக்கு வராது. பெரிய கட்டி, ரத்தக் கசிவு, நீர் கோத்திருப்பது மாதிரி விஷயங்களுக்குப் போதும்.

மறுகோடியில், பிரான்ஸின் சாக்லே ஆய்வகத்தில் 132 டன் எடையுள்ள 11.7 டெஸ்லா காந்தம் நிற்கிறது. 2024 ஏப்ரலில் அதன் முதல் மனித மூளைப் படங்கள் வெளியாயின. நான்கு நிமிடத்தில் 0.2 மில்லிமீட்டர் நுணுக்கம். அந்த உயரத்தில் சுரங்கத்துச் சுவரில் இருக்கும் பெரிய காயில் உதவாது. ரேடியோ அலை தலைக்குள் சீராகப் பரவாமல் சில இடம் பிரகாசமாகவும் சில இடம் இருட்டாகவும் ஆகிவிடும். அதனால் தட்டும் வேலையையும் தலையை ஒட்டிய காயிலே செய்கிறது, பல சேனல்களில், ஒவ்வொன்றையும் தனித்தனியே கட்டுப்படுத்தி.

உங்கள் ஸ்கேன் சிடியில் ஒரு தகவல்

தலையில் எம்ஆர்ஐ எடுத்தவர்களுக்கு ஃபிலிமோடு ஒரு சிடி அல்லது லிங்க் கொடுப்பார்கள். அதில் இருப்பவை ‘டைகாம்’ ஃபைல்கள். இலவசமாகக் கிடைக்கும் ஏதாவது ஒரு டைகாம் வியூவரில் திறந்து, படத்தோடு ஒட்டியிருக்கும் தகவல் பட்டியலுக்குப் போனால் காந்தம் எத்தனை டெஸ்லா, எந்த நிறுவனத்தின் மெஷின் என்பதெல்லாம் இருக்கும். சிக்னலைக் கேட்ட காயிலின் பெயருக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. மெஷின் அதை நிரப்பியிருந்தால், எத்தனை சேனல் என்பதும் சில நேரம் அந்தப் பெயரிலேயே தெரியும்.

மூளை ஆய்வு ஒன்றில் தன்னார்வலராகச் சேர அழைப்பு வந்தால், படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்கலாம்: இந்தக் காயில் கடைசியாக எப்போது ஃபேண்டம் வைத்துச் சோதிக்கப்பட்டது? முடியை எப்படிக் கட்டிக்கொண்டு வர வேண்டும்? கழற்ற முடியாத நகை இருந்தால் என்ன செய்வீர்கள்? என் படம் யாருடைய தொகுப்புக்குள் போகும்? முதல் கேள்விக்குத் தேதியோடு பதில் வந்தால், அந்த ஆய்வுக்கூடம் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.